கௌபாய் விளையாட்டுகள்: மூடிப்போன மேற்கைத் திறந்து விற்ற கதை

குதிரையைத் தட்டிவிட்டால் போதும்... திரை முழுக்கப் புல்வெளி விரிகிறது. எதிரே ஒரு மலை. மலைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்க ஆசையா? போய்ப் பார்க்கலாம். தடுக்க வேலி கிடையாது, ஏன் என்று கேட்க ஆள் கிடையாது. சுட வேண்டிய வில்லன் எங்கேயோ காத்துக்கொண்டிருப்பான். காத்திருக்கட்டும்! விளையாடுபவர் ஆற்றங்கரையில் நிம்மதியாக மீன் பிடித்துக்கொண்டிருப்பார்.

2018 அக்டோபர் 26 அன்று வெளியான ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’ என்ற வீடியோ கேம் விற்றது இந்த அனுபவத்தைத்தான். முதல் மூன்றே நாட்களில் 72.5 கோடி டாலர் வசூல். விற்பனை 7 கோடி பிரதிகளைத் தாண்டிவிட்டது என்று அதன் வெளியீட்டாளரான டேக்-டூ நிறுவனம் 2025 தொடக்கத்தில் அறிவித்தது. குதிரையைத் தொட்டுக்கூடப் பார்க்காத இத்தனை கோடிப் பேர், 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் குதிரை ஓட்டுவதற்கு ஏன் காசு கொடுக்கிறார்கள்?

துப்பாக்கிக்காக என்பது பாதி பதில்தான். துப்பாக்கி கேம்களுக்கு உலகத்தில் பஞ்சமே இல்லை. மீதி பதில் அந்த நிலத்தில் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள 1865ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும்.

நாலு டாலர் மாடு, நாற்பது டாலர் மாடு

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தபோது டெக்சாஸில் நீண்ட கொம்பு மாடுகள் லட்சக்கணக்கில் திரிந்துகொண்டிருந்தன. அங்கே ஒரு மாட்டின் விலை சுமார் 4 டாலர். வடக்கே நகரச் சந்தைகளில் அதே மாடு 40 டாலர் வரை போனது. வணிகவியல் படிக்கிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை!

சிக்கல் போக்குவரத்தில்தான். 1867இல் ஜோசப் மெக்காய் என்ற வியாபாரி, கன்சாஸ் மாநிலத்தின் அபிலீன் என்ற சின்ன ஊரில் ரயில் பாதையை ஒட்டி மாட்டுப்பட்டிகளைக் கட்டினார். டெக்சாஸிலிருந்து மாடுகளை நடத்தியே அங்கு கொண்டுவந்துவிட்டால், அதன்பின் ரயில் பார்த்துக்கொள்ளும். அப்படி வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மேய்த்துக்கொண்டே ஓட்டிவந்த கூலியாட்கள்தான் கௌபாய்கள். சம்பளம் மாதம் 30 டாலர் அளவில். தூசி, மழை, தூக்கமில்லாத இரவு. துப்பாக்கிச் சண்டையைவிட, ஆற்றைக் கடப்பதும் மிரண்டு ஓடும் மாடுகளும்தான் அவர்களுக்குப் பெரிய ஆபத்து. நாலில் ஒருவர் கறுப்பினத்தவர் என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். மெக்சிகோக்காரர்களும் நிறைய. லாசோ, ராஞ்ச், ரோடியோ எல்லாமே ஸ்பானிய மொழியிலிருந்து வந்த சொற்கள். பின்னால் வந்த சினிமா இதையெல்லாம் வசதியாக மறந்துவிட்டது.

இந்த வியாபாரம் லாபமாக நடந்ததற்குக் காரணம் ஒன்றுதான்: புல் இலவசம். அரசு நிலம், வேலி இல்லை, யார் மாடும் எங்கேயும் மேயலாம். இதைத்தான் ‘ஓபன் ரேஞ்ச்’ என்றார்கள். இன்றைய ‘ஓபன் வேர்ல்ட்’ கேம்கள் நினைவுக்கு வருகிறதா?

ஆனால் எந்தக் கணக்கிலும் இலவசம் என்று ஒன்று இல்லை. கொமாஞ்சி, ஷையன், லகோட்டா போன்ற மக்கள் அந்தச் சமவெளியில் ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு உணவு, உடை, கூடாரம் எல்லாம் தந்தது அமெரிக்கக் காட்டெருமையான பைசன். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுமார் 3 கோடி என்று மதிப்பிடப்படும் அந்த எருமைக் கூட்டம், தோலுக்காகச் சுட்டுத்தள்ளப்பட்டு 1880களின் முடிவில் ஆயிரத்தை ஒட்டிச் சுருங்கிவிட்டது. எருமை போனது, அதை நம்பி இருந்தவர்கள் ஒதுக்குப் பகுதிகளுக்குள் தள்ளப்பட்டார்கள். மாட்டுக்காரர்களுக்கு இலவசமாகக் கிடைத்த புல்லுக்கு விலை கொடுத்தவர்கள் இவர்கள்தான்.

முள்கம்பி வந்தது

அந்தத் திறந்த வெளியும் நெடுநாள் நிலைக்கவில்லை. 1862ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டப்படி, ஐந்து வருடம் தங்கி உழுதால் 160 ஏக்கர் சொந்தம் என்று விவசாயிகள் வந்து குடியேறிக்கொண்டிருந்தார்கள். பயிரை மாட்டிடமிருந்து காப்பாற்ற வேலி வேண்டும். ஆனால் சமவெளியில் மரம் ஏது?

1874 நவம்பர் 24 அன்று, இல்லினாய் மாநில விவசாயி ஜோசப் கிளிடன் முள்கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். அந்த ஆண்டு அமெரிக்காவில் விற்ற முள்கம்பி சுமார் 10 ஆயிரம் பவுண்டு. 1880இல் 8 கோடி பவுண்டு! ஆறே வருடத்தில் எட்டாயிரம் மடங்கு.

பிறகு 1886-87 குளிர்காலம் வந்தது. பனியில் புல் மூடிப்போய், வடக்குச் சமவெளியில் லட்சக்கணக்கான மாடுகள் விறைத்தும் பட்டினியிலும் செத்தன. கடன் வாங்கி முதல் போட்டிருந்த பண்ணைகள் திவாலாயின. திறந்தவெளி மேய்ச்சலின் காலம் அதோடு ஏறக்குறைய முடிந்தது.

1890 மக்கள் கணக்கெடுப்பை வைத்து, இனி எல்லைக்கோடு என்று ஒன்றை வரைய முடியாது என்று கணக்கெடுப்புத் துறை சொல்லிவிட்டது. அதே ஆண்டு டிசம்பர் 29 அன்று தெற்கு டகோட்டாவின் வூண்டட் நீ என்ற இடத்தில் அமெரிக்கப் படை லகோட்டா மக்களைச் சுட்டுக் கொன்றது. ஆண், பெண், குழந்தை என்று 150 முதல் 300 பேர் வரை இறந்தார்கள்.

கூட்டிக் கழித்துப் பார்த்தால் கௌபாய் யுகம் என்பது இருபது வருடச் சொச்சம்தான்! ஒரு தலைமுறைகூட இல்லை.

சிகாகோ, 1893

இனிதான் வேடிக்கை. 1893இல் சிகாகோவில் பெரிய உலகக் கண்காட்சி நடந்தது. ஜூலை 12 அன்று அதையொட்டிய வரலாற்றாசிரியர் மாநாட்டில், ஃபிரடெரிக் ஜாக்சன் டர்னர் என்ற 31 வயது ஆய்வாளர் ஒரு கட்டுரை வாசித்தார். அமெரிக்கரின் குணத்தை உருவாக்கியது மேற்கின் திறந்த எல்லைதான், அந்த எல்லை இப்போது மூடிவிட்டது என்பது அவர் வாதம்.

அதே கோடையில், கண்காட்சி மைதானத்துக்கு வெளியே, பக்கத்திலேயே கூடாரம் போட்டு டிக்கெட் விற்றுக்கொண்டிருந்தார் ‘பஃபலோ பில்’ என்ற வில்லியம் கோடி. குதிரைச் சாகசம், குறிபார்த்துச் சுடுதல், கோச் வண்டிக் கொள்ளை எல்லாம் அடங்கிய ‘வைல்ட் வெஸ்ட்’ காட்சியை அவர் 1883லேயே தொடங்கிவிட்டார். லகோட்டா தலைவர் சிட்டிங் புல் 1885இல் சில மாதம் அதில் தோன்றினார். அதே சிட்டிங் புல், வூண்டட் நீ படுகொலைக்கு இரண்டு வாரம் முன்பு, கைது செய்ய வந்த காவலர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஒருவர் மேற்கு முடிந்துவிட்டது என்கிறார். இன்னொருவர் அதையே டிக்கெட் போட்டு விற்கிறார். ஒரே ஊர், ஒரே கோடை. நிஜத்தில் தீர்ந்துபோன பிறகுதான் மேற்கு நல்ல விற்பனைச் சரக்கானது.

1903இல் ‘தி கிரேட் டிரெய்ன் ராபரி’ வந்தது. அந்த ‘மேற்கு’ சினிமா பெரும்பாலும் எடுக்கப்பட்டது நாட்டின் கிழக்குக் கரையில், நியூ ஜெர்சியில். 1948இல் டெக்ஸ் வில்லர் என்ற காமிக்ஸ் நாயகன் பிறந்தது இத்தாலியில். 1964இல் இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனி ‘எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்’ படத்துக்காகத் தேடிப்போன பாலைவனம் ஸ்பெயினில். தமிழுக்கும் இதில் பங்கு உண்டு. 1972இல் ஜெய்சங்கர் ‘கங்கா’வில் குதிரை ஏறினார். டெக்ஸ் வில்லரைத் தமிழ் பேசவைத்தது சிவகாசியின் லயன் காமிக்ஸ். 2010இல் சிம்புதேவன் ‘இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்’ எடுத்தார். மேற்கு என்பது அதற்குள் ஒரு நாட்டின் நிலமாக இல்லை, யார் வேண்டுமானாலும் குடியேறக்கூடிய கற்பனையாகிவிட்டது.

கோட்டிலிருந்து வரைபடத்துக்கு

கணினியில் மேற்கைக் கொண்டுவந்தவர்கள் மாணவர்கள் என்பது பலருக்குத் தெரியாது. 1971இல் மினசோட்டாவில் ஆசிரியர் பயிற்சியில் இருந்த டான் ராவிட்ஷ், வரலாற்று வகுப்புக்காக நண்பர்கள் பில் ஹைன்மன், பால் டிலன்பெர்கர் இருவரோடும் சேர்ந்து ‘தி ஓரிகன் டிரெயில்’ என்ற கேமை எழுதினார். அப்போது திரையே கிடையாது, எல்லாம் தாளில் அச்சாகி வரும். மாட்டு வண்டியில் ஓரிகன் போய்ச் சேர வேண்டும். உணவு, தோட்டா, துணி என்று பட்ஜெட் போட வேண்டும். நோய் வந்து செத்தும் போகலாம். ஆனால் பாதை ஒன்றே ஒன்றுதான், நேர்கோடு.

1975இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனம் செய்த துப்பாக்கிச் சண்டை கேம், அமெரிக்காவில் ‘கன் ஃபைட்’ என்று வந்தது. நுண்செயலியைப் பயன்படுத்திய ஆரம்பகால ஆர்கேட் கேம்களில் அது ஒன்று. அதிலும் நிலம் வெறும் பின்னணிதான். 2004இல் வந்த ‘ரெட் டெட் ரிவால்வர்’கூட, ஒரு கட்டம் முடிந்தால் அடுத்த கட்டம் என்ற பழைய பாணியில் இருந்தது.

2001இல் ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 3’ ஒரு முழு நகரத்தையே முப்பரிமாணத்தில் திறந்துவிட்டிருந்தது. அந்த வித்தை மேற்குக்கு 2005இல் ‘கன்’ என்ற கேமில் வந்தது. அபாச்சி மக்களைச் சுட்டுத்தள்ள வைக்கிறது என்று பூர்வகுடியினரிடமிருந்து அதற்கு எதிர்ப்பும் வந்தது. 2010 மே 18 அன்று ராக்ஸ்டார் நிறுவனத்தின் ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன்’ வந்த பிறகு, கௌபாய் கேம் என்றாலே அதுதான் என்றாகிவிட்டது.

நகரத்தில் தெருவுக்குத் தெரு ஏதாவது நடந்துகொண்டே இருக்க வேண்டும். மேற்கில் ஒன்றுமே நடக்காவிட்டாலும் சலிப்பதில்லை! வானம், தூரம், குளம்பொலி இருந்தால் போதும். பாடம், பரீட்சை, பேருந்து நேரம் என்று நாள் முழுக்க வேலிக்குள் ஓடுபவர்களுக்கு, போக வேண்டிய இடம் என்று எதுவும் இல்லாத ஒரு மணி நேரம் பெரிய விஷயம். பஃபலோ பில் டிக்கெட் வாங்கியவரை உட்காரவைத்து வேடிக்கை காட்டினார், சினிமாவும் அதையே செய்தது. ஓபன் வேர்ல்ட் கேம்தான் முதல்முறையாகக் கடிவாளத்தை அவர் கையிலேயே கொடுத்தது.

ஏன் 1899? ஏன் 1911?

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கௌபாய்களின் பொற்காலம் 1870கள். ஆனால் ராக்ஸ்டாரின் முதல் கதை நடப்பது 1911இல், இரண்டாவது கதை 1899இல். இரண்டுமே முள்கம்பிக்கும் கணக்கெடுப்புக்கும் பிறகு! வேண்டுமென்றேதான் தாமதமாகத் தொடங்கியிருக்கிறார்கள்.

அதனால் விளையாடுபவர் ஓட்டும் ஒவ்வொரு சவாரியிலும், இது முடியப்போகிறது என்ற உணர்வு ஒட்டிக்கொண்டே வருகிறது. இரண்டாம் பாகத்தில் ஆர்தர் மார்கனின் கும்பல் ஒதுங்க இடமில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. துரத்துவது பிங்கர்டன் துப்பறிவாளர்கள். (நிஜ பிங்கர்டன் நிறுவனம் 2018இல் இதற்கு ஆட்சேபித்துக் கடிதம் அனுப்பியது. டேக்-டூ 2019 ஜனவரியில் நீதிமன்றம் போனதும், ஏப்ரலில் கோரிக்கையைக் கைவிட்டது.) வாபிட்டி என்ற கற்பனைப் பூர்வகுடியின் ஒதுக்குநிலத்தில் எண்ணெய் இருப்பது தெரிந்ததும், அங்கிருந்தும் அவர்களைக் கிளப்பப் பார்க்கிறார்கள். விளையாடுபவர் எவ்வளவு நன்றாகச் சுட்டாலும் அந்த முடிவை மாற்ற முடியாது.

கதையின் கடைசிப் பகுதியில் ஜான் மார்ஸ்டன் என்ன செய்கிறான்? வங்கியில் கடன் வாங்குகிறான், நிலம் வாங்குகிறான், ஆணி அடித்து வீடு கட்டுகிறான். திறந்தவெளியில் தொடங்கிய கதை மாதத் தவணையில் வந்து நிற்கிறது!

முதல் பாகத்தில் இதைவிடக் கூர்மையான ஒன்று உண்டு. அந்த உலகத்தில் எந்த மிருகத்தைச் சுட்டாலும் கொஞ்ச நேரத்தில் இன்னொன்று வந்துவிடும். மான், கரடி, நரி எதற்கும் குறைவில்லை. எருமை மட்டும் விதிவிலக்கு. சமவெளியில் இருப்பது மொத்தமே 20 எருமைகள். அவற்றைக் கொன்றால் கொன்றதுதான், திரும்ப வராது. கடைசி எருமையையும் சுட்டு முடித்ததும் திரையில் ஒரு விருது தோன்றும். அதன் பெயர் ‘மேனிஃபெஸ்ட் டெஸ்டினி’. கண்டம் முழுவதும் பரவுவது அமெரிக்காவுக்கு விதிக்கப்பட்டது என்று 1845 முதல் புழங்கிய அரசியல் கோஷம் அது.

விருதுப் பட்டியலை முழுமையாக்க வேண்டும் என்ற வேகத்தில் பலர் சுட்டு முடித்துவிட்டு, பிறகு அந்தப் பக்கம் குதிரையில் போகும்போதுதான் வெறும் புல்லைப் பார்க்கிறார்கள். திட்ட ஒரு வில்லன்கூட அங்கே இல்லை. எல்லாம் திறந்துகிடக்கும் நிலம் எப்படித் திறந்தது, யாரைக் காலி செய்து திறந்தது என்று பக்கம் பக்கமாகப் படித்தாலும் உறைக்காததை, அந்தக் காலிச் சமவெளி ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுகிறது.

சுடாமல் விட்டால் அந்த 20 எருமைகளும் அங்கேயே மேய்ந்துகொண்டிருக்கும். ஒரு விருது குறையும், அவ்வளவுதான்.