விமானத்தின் அபாயக் குரல்: ஒரு குறுவரலாறு

சிறு விமானங்களில் அவசரகால இடங்காட்டும் கருவி பொருத்தப்பட வேண்டும் என்னும் சட்டம் அமெரிக்காவில் 1970ஆம் ஆண்டே நிறைவேறியது. பழைய விமானங்களுக்கு 1973 இறுதிவரை அவகாசம் தரப்பட்டது. அவ்விடைவெளியில், 1972 அக்டோபர் 16 அன்று, அலாஸ்காவின் ஆங்கரேஜிலிருந்து ஜூனோ நோக்கிப் புறப்பட்ட செஸ்னா 310 விமானம் மறைந்தது. அதிலிருந்த நால்வருள் ஹேல் பாக்ஸ், நிக் பெகிச் ஆகிய இருவரும் அமெரிக்க நாடாளுமன்றக் கீழவையின் உறுப்பினர்கள். 39 நாள்கள் தேடியும் தடயம் எதுவும் கிட்டவில்லை. விமானியின் கையடக்கக் கருவி ஃபேர்பேங்க்ஸ் நகரில் வேறொரு விமானத்தில் இருந்தது பின்னர் தெரியவந்தது.

கருவியை வைத்திருப்பது வேறு, பொருத்துவது வேறு. பொருத்தப்பட்ட கருவி மோதலின் அதிர்வில் தானாகவே இயங்கத் தொடங்கும். சிதைவிலிருந்து பெரும்பாலும் தப்புவது வால்பகுதி என்பதால் அங்கேயே அதைப் பொருத்துகின்றனர்.

எனினும், தொடக்கக்காலக் கருவிகள் 121.5 மெகாஹெர்ட்ஸில் எழுப்பியது முகவரியற்ற ஓலம். பொய்யழைப்புகளே மிகுதி. பின்வந்த 406 மெகாஹெர்ட்ஸ் கருவியோ நாட்டுக் குறியீட்டையும் தன் அடையாள எண்ணையும் சேர்த்தே அனுப்புகிறது. காஸ்பாஸ்-சார்சாட் செயற்கைக்கோள் அமைப்பு, 2009 பிப்ரவரி 1 முதல் பழைய அலைவரிசையைக் கண்காணிப்பதை நிறுத்திக்கொண்டது. இந்தியாவில் பெங்களூரு, லக்னோ நிலையங்கள் இக்குறிப்புகளைப் பெறுகின்றன.

ஆனால் அவ்வெண் உரிமையாளரின் பெயரோடு பதிவேட்டில் இருந்தால்தான் மீட்பு மையம் யாரை விசாரிப்பது என்று அறியும். பொருத்தும் பணி அப்பதிவோடுதான் நிறைவடைகிறது.