கணினிப் படத்தொகுப்புக் கருவிகளின் விலை

கணினிப் படத்தொகுப்பு என்பது படச்சுருளை வெட்டி ஒட்டாமல், காட்சிகளைக் கணினி வட்டில் ஏற்றி, விரும்பிய வரிசையில் அடுக்கிப் பார்க்கும் முறை. திரைத்துறையினர் இதை நான்-லீனியர் எடிட்டிங் என்பார்கள். முதல் கால் நூற்றாண்டுக்கு இதற்கான கருவிகள் தனியொரு எடிட்டர் வாங்கும் விலையில் இல்லை.

இவ்வகையில் முதலாவது, சி.பி.எஸ்., மெமோரெக்ஸ் நிறுவனங்கள் கூட்டாக 1971-இல் வெளியிட்ட சி.எம்.எக்ஸ். 600. விலை சுமார் இரண்டரை லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 19 லட்சம் ரூபாய். திரையில் தெரிந்ததோ மங்கலான கறுப்பு வெள்ளைப் படம். ஒரு சில கருவிகளே விற்றன.

1989-இல் மெக்கின்டாஷ் கணினியில் இயங்கும் அவிட் வந்தது. இதற்கும் பல பத்தாயிரம் டாலர் தேவைப்பட்டது. செலவின் பெரும்பங்கை விழுங்கியவை வட்டுகள். சுருக்கப்படாத தரமான வீடியோ நொடிக்கு 20 மெகாபைட்டுக்கு மேல் பிடிக்கும். ஒரு ஜிகாபைட் வட்டில் ஒரு நிமிடம்கூட அடங்காது. அதனால் படத்தைக் கடுமையாகச் சுருக்கி, தரம் குறைந்த நிலையில்தான் தொகுத்தார்கள்.

தமிழ்த் திரையுலகில் இந்த மாற்றம் விரைவாக நிகழ்ந்தது. சந்தானபாரதி இயக்கத்தில் கமல்ஹாசன் நடித்த ‘குணா’ 1991-இல் வெளியானது. அது படச்சுருளை வெட்டித் தொகுத்த காலம். அதே சந்தானபாரதி இயக்கத்தில், அதே கமல்ஹாசன் நடித்து 1994 பொங்கலுக்கு வந்த ‘மகாநதி’, அவிட்டில் தொகுக்கப்பட்ட முதல் இந்தியப் படமாகக் குறிப்பிடப்படுகிறது.

அப்போது ஒரு டாலர் ஏறத்தாழ 31 ரூபாய். கருவி 50,000 டாலர் என்று வைத்தாலே, இறக்குமதி வரி சேராமல் 15 லட்சத்தைத் தாண்டும்.

அத்தனை கொடுத்தும் பழைய வேலை ஒழியவில்லை. கணினியில் முடிவானது வெட்டுகளின் பட்டியல் மட்டுமே. நெகட்டிவின் ஓரத்திலுள்ள எண்களைப் பட்டியலோடு ஒப்பிட்டு, கையுறை அணிந்தவர்கள் அதைக் கத்தரித்து ஒட்டிய பிறகே தியேட்டருக்கான பிரதி உருவானது.

வட்டுகள் மலிந்தபோது விலையும் சரிந்தது. 1999-இல் ஆப்பிளின் ஃபைனல் கட் புரோ மென்பொருள் 999 டாலருக்கு வந்தது. கணினிக்குத் தனிச் செலவு. அதில் வால்டர் மர்ச் தொகுத்த ‘கோல்ட் மவுன்டன்’ 2003-இல் வெளியாகி, படத்தொகுப்புக்கான ஆஸ்கர் பரிந்துரையையும் பெற்றது.