மெத்தம்பெட்டமைன் அடிமைநிலை: அந்தமானில் அடையாளமும் சிகிச்சையும்

மெத்தம்பெட்டமைன் மூளையைக் கடுமையாகத் தூண்டிவிடும் செயற்கைப் போதைப்பொருள். ஐஸ், கிரிஸ்டல், மெத் என்பவை புழக்கத்தில் உள்ள பெயர்கள். நிறமற்ற படிகமாகவோ வெள்ளைத் தூளாகவோ கிடைக்கும். கண்ணாடிக் குழாயில் சூடாக்கிப் புகையை இழுப்பார்கள். மூக்கால் உறிஞ்சுவதும் விழுங்குவதும் ஊசியில் ஏற்றுவதும் உண்டு. நிறுத்த வேண்டும் என்று நினைத்தும் நிறுத்த முடியாமல் போவதை மருத்துவம் சார்புநிலை என்கிறது, வீட்டில் அடிமைநிலை என்கிறார்கள். அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கு இந்தப் போதை வந்தது பெரும்பாலும் கடல்வழியாகத்தான். அந்த வழியைத் தெரிந்துகொள்ளாமல் அங்குள்ள நோயாளியைப் புரிந்துகொள்வது கடினம்.

கடல் கொண்டுவந்த சரக்கு

1893இல் ஜப்பானிய வேதியியலாளர் நாகாய் நாகயோஷி எபெட்ரினிலிருந்து இதை முதலில் தயாரித்தார். 1919இல் அகிரா ஒகாட்டா படிக வடிவத்தை உருவாக்கினார். இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மனியில் பெர்விட்டின் என்றும் ஜப்பானில் பிலோப்பான் என்றும் மாத்திரையாக விற்பனையானது. படைவீரர்களுக்குத் தூக்கமும் களைப்பும் தெரியாமலிருக்கக் கொடுக்கப்பட்டது. போர் முடிந்தபின் மிஞ்சிய கையிருப்பு சந்தைக்குக் கசிய, ஜப்பானில் நாடு தழுவிய அடிமைநிலை பரவியது. 1951இல் அந்நாடு அதற்கென்றே தனிச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. முதலில் சரக்கு குவிந்தது, ஆசை அதன் பின்னால் வந்தது.

அந்தமான் கடலிலும் சரக்குதான் முந்தி வந்தது. மியான்மரின் ஷான் மாநிலம் உலகின் பெரிய மெத் உற்பத்திப் பகுதிகளில் ஒன்று; 2021 பிப்ரவரியில் நடந்த ராணுவப் புரட்சிக்குப்பின் அங்கு உற்பத்தி மேலும் பெருகியது. மியான்மர்க் கடற்கரையிலிருந்து தெற்கே செல்லும் மீன்பிடிப் படகுகள் இந்தத் தீவுக்கூட்டத்தின் ஓரமாகவே போகின்றன. 2019 செப்டம்பரில் கார் நிக்கோபார் அருகே ஒரு மியான்மர் படகிலிருந்து இந்தியக் கடலோரக் காவல்படை 1,160 கிலோ கெட்டமைன் என்ற வேறொரு போதைப்பொருளைப் பிடித்தது. 2024 நவம்பரில் பாரன் தீவுக்கு அருகே பிடிபட்ட மற்றொரு படகில் சுமார் 6,000 கிலோ மெத்தம்பெட்டமைன் இருந்தது. மியான்மரைச் சேர்ந்த 6 பேர் கைதாயினர். கடலோரக் காவல்படை அதுவரை பிடித்தவற்றில் இதுவே மிகப் பெரியது.

பிடிபடுபவை செய்தியாகின்றன. துரத்தப்படும்போது கடலில் வீசப்படுபவையும் படகு கவிழ்ந்து சிதறுபவையும் அலையோடு கரைக்கு வருகின்றன. தென்கிழக்கு ஆசியக் கடத்தல்காரர்கள் சீனத் தேயிலைப் பைகளில் இதை அடைப்பது வழக்கம். அப்படிக் கரையொதுங்கிய பொட்டலங்களை எடுத்து வைத்திருந்தவர்களும் அவற்றைப் பெருநிலத்துக்கு அனுப்ப முயன்றவர்களும் கைதாகியிருக்கிறார்கள். சென்னையிலோ கொச்சியிலோ இளைஞனின் பழக்கத்துக்கு விலை ஒரு கடிவாளம்: கையில் காசு தீர்ந்தால் சில நாளாவது நிற்கும். பொட்டலத்தைக் கரையில் கண்டெடுத்தவனுக்கு அந்தக் கடிவாளமும் இல்லை.

இந்தத் தீவுகளுக்குக் கடல் நஞ்சைக் கொண்டுவருவது புதிதல்ல. 2008 டிசம்பரில் லிட்டில் அந்தமானின் டுகாங் கிரீக்கில், கரையொதுங்கிய கேனில் இருந்த திரவத்தை மதுவென்று எண்ணிக் குடித்த ஓங்கே பழங்குடியினர் 8 பேர் இறந்தனர். மொத்தமே சுமார் 100 பேர் கொண்ட இனத்துக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்று சொல்லத் தேவையில்லை.

இந்திய அளவில் மெத் இன்னும் சிறுபான்மைப் போதைதான். சமூக நீதி அமைச்சகத்துக்காக அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம் நடத்தி 2019இல் வெளியான ஆய்வில், 10 முதல் 75 வயதுக்குள் மது அருந்துவோர் 14.6 விழுக்காடு, ஆம்பெட்டமைன் வகைப் பொருள்களைப் பயன்படுத்துவோர் 0.18 விழுக்காடு மட்டுமே. இந்தச் சிறிய எண்ணின் விளைவு ஒன்று உண்டு. குடிநோயாளியை ஆயிரக்கணக்கில் பார்த்த மருத்துவர்கூட மெத் நோயாளியைப் பார்த்திருப்பது அரிது.

உடலில் நடப்பது

மூளையின் நரம்பு முனைகளில் சேமித்து வைக்கப்பட்டுள்ள டோபமைனை மெத் ஒரே மூச்சில் வெளியே தள்ளிவிடுகிறது. மீண்டும் உள்ளே போகும் வழியையும் அடைக்கிறது. நார்அட்ரினலினும் கூடவே உயர்கிறது. இதயம் விரைகிறது, உடல் சூடேறுகிறது, பசி மறைகிறது. கோகெய்னின் அளவு உடலில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு மணி நேரம் போதும். மெத்துக்கு ஏறத்தாழ 10 மணி நேரம் வேண்டும். ஒருமுறை இழுத்தவர் இரவு முழுதும் விழித்திருப்பதும், விளைவு குறையும்போது மறுபடி இழுத்து 3, 4 நாள் தூங்காமல் ஓட்டுவதும் இதனால்தான்.

அடையாளம் காணல்

ஒரே நாளில் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. ஒரு வாரத்தின் ஓட்டத்தைக் கவனிக்க வேண்டும். சில நாள் தூக்கமே இல்லை, சோறு இறங்கவில்லை, பேச்சு நிற்கவில்லை, நள்ளிரவில் மோட்டார் பைக்கைப் பிரித்துப் போட்டு மாட்டுவது, அலமாரியை அடுக்கிக் கலைத்து மீண்டும் அடுக்குவது. பிறகு ஒரு நாளோ இரண்டு நாளோ எழுப்பினாலும் எழாத தூக்கம். விழித்ததும் பெரும்பசி, எரிச்சல், முகத்தில் களையில்லாத சோர்வு. சில நாளில் மறுபடியும் முதலிலிருந்து. குடும்பங்கள் தவறவிடுவது பெரும்பாலும் முதல் கட்டத்தை. "பையன் இப்போது சுறுசுறுப்பாகிவிட்டான், குடியைக்கூட விட்டுவிட்டான்" என்று மகிழ்ந்த வீடுகள் உண்டு. வாடையில்லை, தள்ளாட்டமில்லை, குடியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது போதையாகவே தெரிவதில்லை.

துறைமுகத்தைப் பார்த்தபடி அமைந்த மரைன் ஹில் போன்ற இடத்தில் இன்னொரு குழப்பமும் சேர்கிறது. ஸ்ரீ விஜயபுரம் என்று 2024 செப்டம்பரில் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரின் இந்தப் பகுதியை, சார்லஸ் கொரியா வடிவமைத்த பே ஐலண்ட் விடுதி வழியாகச் சுற்றுலாப் பயணிகள் அறிவார்கள். கப்பல், படகு, விடுதி என்று வேலை நேரம் முறையற்ற தொழில்கள் சூழ்ந்த ஊர் இது. இரவு விழித்திருப்பதும் பகலில் தூங்குவதும் இங்கே யாருக்கும் விசித்திரமல்ல. ஆகவே தூக்கம் மாறியது மட்டும் போதாது. கூடவே வேறு சிலவும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்: வெளிச்சத்திலும் விரிந்தே இருக்கும் கண்மணிகள், பல்லை நறநறவென்று கடித்தல், அதிக வியர்வை, சில மாதங்களில் கண்ணுக்குத் தெரியும் எடைக் குறைவு, தோலுக்கடியில் பூச்சி ஊர்வதாகச் சொறிந்து ஏற்படும் புண்கள், வாய் உலர்ந்து ஈறோரம் சிதையும் பற்கள். பொருள்களில்: அடியில் கருகிய சிறு கண்ணாடிக் குமிழ்க் குழாய், கருகிய அலுமினியத் தாள், சின்னஞ்சிறு ஜிப் பைகள்.

அடுத்தது சந்தேகம். பக்கத்து வீட்டார் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள், போலீஸ் பின்தொடர்கிறது, போனில் ஒட்டுக் கேட்கிறார்கள் என்று தொடங்கி, இல்லாத குரல்கள் காதில் கேட்கும் நிலைவரை போகலாம். வெளியிலிருந்து பார்த்தால் இதற்கும் மனச்சிதைவுக்கும் வேறுபாடு தெரியாது. பலருக்கு நிறுத்திய சில நாள்களில் தெளிந்துவிடும். சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். பேயோட்டுபவரிடமும் கோயிலிலும் கழியும் வாரங்கள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

இத்தனையும் இருந்தாலும் மெத் என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. தைராய்டு மிகைச் சுரப்பும் எடையைக் குறைத்து வியர்க்க வைத்துத் தூக்கத்தைக் கெடுக்கும். இருமுனை மனநோயின் எழுச்சிக் கட்டமும் இப்படியே இருக்கும். சிறுநீர்ப் பரிசோதனையில் கடைசியாகப் பயன்படுத்திய 2 முதல் 4 நாள் வரை மெத் தெரியும். ஆனால் சூடோஎபெட்ரின் கலந்த சளி மருந்துகூட எளிய கருவியில் பொய்யான நேர்மறை முடிவைத் தரக்கூடும். மருந்துக்கடையில் வாங்கிய கிட்டைக் காட்டி மகனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது, அவன் வாயைத்தான் அடைக்கும்.

மருத்துவர் தேடுவது அளவை மட்டுமல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் 11ஆம் நோய் வகைப்பாடு மூன்று கூறுகளைச் சொல்கிறது: பயன்பாட்டைக் கட்டுப்படுத்த முடியாமை, வேலை, உறவு, உடல்நலம் எல்லாவற்றையும் பின்தள்ளிப் பொருளே முதலிடம் பெறுதல், அளவு ஏற ஏற வேண்டியிருத்தலும் விட்டால் வரும் தொல்லைகளும். இவற்றில் இரண்டு இருந்தால் சார்புநிலை. வாரக் கடைசியில் மட்டும் பயன்படுத்துபவரும் இந்த வரையறைக்குள் வரலாம் என்பதைக் குடும்பத்தார் நம்ப மறுக்கிறார்கள்.

அவசர நிலை

உடல் நெருப்பாய்க் கொதிப்பது, நெஞ்சுவலி, வலிப்பு, கட்டுக்கடங்காத வெறி: இவை வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடியவை அல்ல. அந்தமானின் புழுக்கத்தில் உடல் வெப்பம் ஏறுவது கூடுதல் ஆபத்து. பலர் சேர்ந்து அமுக்கிப் பிடித்தால் வெப்பமும் இதயத் துடிப்பும் இன்னும் ஏறும். நிழலில், காற்றோட்டத்தில், ஈரத் துணி போட்டு, கூட்டத்தை விலக்கி, 112ஐ அழைக்க வேண்டும். மதுவோ கையில் அகப்பட்ட தூக்க மாத்திரையோ கொடுக்கக் கூடாது. மருத்துவமனையில் லோரஸபாம் போன்ற மருந்துகளால் அமைதிப்படுத்தி, தேவைப்பட்டால் மனநோய்த் தடுப்பு மருந்தும் தருவார்கள். என்ன எடுத்தார் என்ற உண்மையை மருத்துவரிடம் மறைப்பது, 25 வயதுக்காரரின் நெஞ்சுவலி வாயுத் தொல்லையாக எழுதப்படுவதில் முடியலாம்.

நிறுத்திய முதல் ஒன்றிரண்டு வாரம் தூக்கம், பசி, கனமான மனச்சோர்வு. குடியை விடும்போது வரும் நடுக்கமும் வலிப்பும் இதில் பொதுவாக இல்லை. அதனால் "ஒன்றுமில்லை, தூங்குகிறான்" என்று விட்டுவிடுகிறார்கள். தற்கொலை எண்ணம் தலைதூக்குவது இந்த நாள்களில்தான். தனியாக விடக் கூடாது.

சிகிச்சை

ஹெராயின் அடிமைக்குப் புப்ரெனார்பின், மெத்தடோன் உண்டு. மெத்துக்கு அப்படி ஏற்கப்பட்ட மருந்து இன்றுவரை இல்லை. இதைக் கேட்டதும் முகம் வாடாத பெற்றோர் இல்லை. 2021இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த, 403 பேரைக் கொண்ட அமெரிக்கச் சோதனையில் நால்ட்ரெக்ஸோன் ஊசியும் புப்ரோபியான் மாத்திரையும் சேர்ந்து 13.6 விழுக்காட்டினருக்குப் பயனளித்தன. வெற்று மருந்து பெற்றவர்களில் 2.5 விழுக்காட்டினருக்கே முன்னேற்றம். நம்பிக்கை தரும் வேறுபாடு, ஆனால் ஏழு பேரில் ஒருவருக்குத்தான்.

இதுவரை மிக வலுவான சான்று ஊக்கப்பரிசு முறைக்கு உண்டு. நோயாளி வாரம் இருமுறை சிறுநீர் கொடுக்கிறார். மெத் இல்லையென்றால் ஒரு சிறு பரிசுச் சீட்டு. தொடர்ந்து இல்லையென்றால் பரிசு வளர்கிறது. இருந்தால் திட்டில்லை, பரிசு தொடக்க நிலைக்கு இறங்குகிறது. பொதுவாக 12 வாரம். அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் 2011 முதல் இதைப் பின்பற்றுகின்றன. போதையை விட்டதற்குக் காசா என்று நம்மவர்கள் முகம் சுளிப்பார்கள். தூரத்து நன்மைக்காகக் காத்திருக்கும் திறனைத்தான் இந்த நோய் முதலில் பறிக்கிறது. அதனால் உடனே கையில் கிடைக்கும் சிறு நன்மை வேலை செய்கிறது. இந்தியாவில் இம்முறை பரவாதது இழப்பே. அடுத்த இடம் அறிதிறன் நடத்தைச் சிகிச்சைக்கு: எந்த நண்பன், எந்த மணி, எந்தத் தனிமை ஆசையைக் கிளப்புகிறது என்று கண்டு அதற்கு மாற்றைப் பழகுவது. லாஸ் ஏஞ்சலஸில் 1980களில் உருவான மேட்ரிக்ஸ் முறை இதனுடன் குடும்பக் கல்வியையும் இணைத்து 16 வாரம் நடத்துகிறது.

தீவில் சிகிச்சை பெறுதல்

மரைன் ஹில்லிலிருந்து அட்லாண்டா பாயிண்டில் உள்ள ஜி.பி. பந்த் மருத்துவமனை தொலைவல்ல. 2015இல் தொடங்கிய அந்தமான் நிக்கோபார் மருத்துவ அறிவியல் கழகம் அதனோடு இணைந்தது. வாரம் இருமுறை வரச் சொன்னால் மரைன் ஹில்காரர் வரலாம். டிக்லிபூரிலிருந்து வருபவர் ஜாரவா பழங்குடிக் காப்பகத்தின் வழியே, ஜிர்காடாங்கில் வாகன வரிசைக்குக் காத்திருந்து, முழுநாள் பயணம் செய்ய வேண்டும். கேம்ப்பெல் பே என்றால் கப்பல். இத்தகையோருக்கு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் 14416 உதவும். தமிழிலும் பேசலாம், மருத்துவமனை இந்தியில் பேசும் ஊரில் தமிழ்த் தாய்க்கு அது சிறிய விஷயமல்ல. போதை மீட்புக்கான தேசிய எண் 14446.

தமிழ்க் குடும்பங்களின் முதல் எண்ணம் பையனை ஊருக்கு அனுப்பிவிடுவது. சிறு ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், மருத்துவமனை வரிசையில் நின்றாலே செய்தி பரவும் என்ற அச்சம் நியாயமானது. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் நிறுவிய டி.டி.கே. மருத்துவமனை, பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்றவற்றில் சிகிச்சைக்காக அனுப்புவது பொருளுள்ளது. மதுரையில் சித்தப்பா கடையில் உட்கார வைப்பது சிகிச்சையல்ல, ஒளித்து வைப்பது. எங்கே சிகிச்சை பெற்றாலும் அவன் திரும்பி வருவது அதே படகுத்துறைக்கு, அதே நண்பர்களிடம். அதனால் திரும்பிய பின் உள்ளூர் மருத்துவரிடம் தொடர வேண்டிய சீட்டு, வந்திறங்குமுன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். கட்டிவைத்து அடிக்கும், பதிவில்லாத மையங்களைத் தவிர்ப்பது பற்றி விளக்கம் தேவையில்லை. போதைசார்ந்த மனநிலைகள் 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் கீழ் வருகின்றன. நோயாளிக்கு உரிமைகள் உண்டு.

சட்டம்

1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தில் மெத்துக்கு 2 கிராம் வரை சிறிய அளவு, 50 கிராமுக்கு மேல் வணிக அளவு. வணிக அளவுக்குத் தண்டனை 10 முதல் 20 ஆண்டு. கரையில் எடுத்த ஒரு கிலோ பொட்டலம் அந்த வரம்பின் 20 மடங்கு. "இழுப்பதற்குத்தான் வைத்திருந்தேன்" என்பது அங்கே செல்லாது. மறுபக்கம், அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, பயன்படுத்திய குற்றமோ சிறிய அளவு வைத்திருந்த குற்றமோ சாட்டப்பட்டவர் தாமாக முன்வந்து அரசு அல்லது அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கும் பறிபோகலாம். இந்தப் பிரிவு வழக்கறிஞர்களுக்குத் தெரிந்த அளவு தாய்மார்களுக்குத் தெரிவதில்லை.

மீளும் காலம்

மூளை ஆய்வாளர் நோரா வோல்கோவ் குழு 2001இல் வெளியிட்ட மூளைப் படங்களில், 12 முதல் 17 மாதம் மெத்தைத் தொடாதிருந்தவர்களிடம் டோபமைன் கடத்திகள் கணிசமாக மீண்டிருந்தன. ஆனால் நினைவாற்றலும் உடல் இயக்க வேகமும் அதே அளவு மீளவில்லை. மூன்றாம் மாதத்தில் வேலைக்குப் போகிறவர் சிறு கணக்கில் தடுமாறுவதும், எதிலும் மகிழ்ச்சி இல்லை என்று சொல்வதும் சோம்பல் அல்ல. மூளை இன்னும் தேறிக்கொண்டிருக்கிறது. இடையில் ஒருமுறை சறுக்கினால் அது முழுத் தோல்வி என்று மருத்துவர்கள் கணக்கிடுவதில்லை; அடுத்த சந்திப்பை முன்தள்ளி, வாரம் ஒருமுறையாக இருந்ததை மீண்டும் இருமுறையாக்குகிறார்கள்.