திடலும் ஏடும்: ஓர் ஓட்ட வீரரின் மாணவப் பருவம்

மலேசியத் தமிழர் வரலாற்றை எழுதப் புகுவோர் தோட்டம், தொழிற்சங்கம், கோயில், தமிழ்ப்பள்ளி ஆகிய நான்கினையே பெரும்பாலும் அதன் தூண்களாகக் கொள்வர். அவை தூண்களே என்பதில் ஐயமில்லை. ஆயினும், நம்மவர் பெயர் ஆசிய அரங்கில் பன்முறை உரக்க ஒலித்த இடம் வேறொன்றும் உண்டு. அஃது ஓட்டத் திடலாகும். அத்திடலின் வரலாறு நம் வகுப்பறைகளில் போதிய அளவு பேசப்படுவதில்லை. அதற்கு மாறாக, “திடலே கதியென்று கிடக்கும் பிள்ளை தேர்வில் தேறமாட்டான்” என்னும் கூற்றே பெற்றோரிடத்தும், சில வேளைகளில் ஆசிரியரிடத்தும் வேரூன்றிக் கிடக்கின்றது. இக்கூற்று எவ்வளவு உண்மையானது என்பதை ஒரு மாணவரின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வோம்.

அம்மாணவர், பிற்காலத்தில் ‘பறக்கும் மருத்துவர்’ எனப் போற்றப்பெற்ற டான் ஸ்ரீ டாக்டர் மணி ஜெகதீசன் ஆவார். 1943ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் பிறந்த அவர், 1960இல் ரோம் நகரில் நடைபெற்ற ஒலிம்பிக் போட்டியில் மலாயாவின் சார்பில் 400 மீட்டர் ஓட்டத்தில் கலந்துகொண்டார். அப்போது அவருக்கு அகவை பதினாறே. மலாயா விடுதலை பெற்று மூன்றாண்டுகளே ஆகியிருந்தன. நாடும் இளமையானது; ஓடிய வீரரும் இளைஞர். பதக்கம் கிட்டவில்லை. ஆனால், உலகின் தலைசிறந்த வீரர்கள் எவ்வாறு ஓடுகின்றனர் என்பதைப் பதினாறு வயதிலேயே அருகிருந்து காணும் பேறு கிட்டியது.

ஈராண்டுகள் கழிந்தன. 1962இல் ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் 200 மீட்டர் ஓட்டத்தை 21.3 விநாடியில் ஓடி முடித்துத் தங்கப் பதக்கம் வென்றார். அப்போதும் அவருக்குப் பத்தொன்பது வயது நிறையவில்லை.

இதன் பின்னர் நிகழ்ந்ததுதான் நாம் ஊன்றி நோக்கத் தக்கது. பதக்கம் பெற்ற இளைஞர் படிப்பைக் கைவிடவில்லை. படிப்பிற்காக ஓட்டத்தையும் கைவிடவில்லை. அவர் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றார். மருத்துவக் கல்வி எத்துணைக் கடுமையானது என்பதை நாம் அறிவோம். விரிவுரையும் பிணக்கூறாய்வும் மருத்துவமனைப் பயிற்சியும் மாணவரின் பொழுதை முழுமையாக விழுங்குபவை. அந்நெருக்கடிக்கு இடையேதான் அவர் 1964இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 200 மீட்டர் ஓட்டத்தின் அரையிறுதிச் சுற்றை எட்டினார். ஒலிம்பிக் விரைவோட்டத்தில் அச்சுற்றை எட்டிய முதல் மலேசியர் அவரே.

அந்த ஆண்டுகளில் நாட்டின் எல்லைகளே மாறிக்கொண்டிருந்தன. 1963 செப்டம்பர் 16ஆம் நாள் மலேசியா உருவாயிற்று. 1965 ஆகஸ்டு 9ஆம் நாள் சிங்கப்பூர் தனிநாடாயிற்று. ரோமில் மலாயாவுக்காக ஓடியவர் டோக்கியோவில் மலேசியாவுக்காக ஓடினார். அரசியல் மாற்றங்கள் எதுவும் அவருடைய பயிற்சியைக் குலைக்கவில்லை.

1966இல் பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் அவர் உச்சத்தைத் தொட்டார். 100 மீட்டர், 200 மீட்டர், நால்வர் ஓடும் 100 மீட்டர் தொடர் ஓட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம் கிடைத்தது. அதே போட்டியில் பெண்களுக்கான 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றவர் எம். இராஜமணி. இவர் நம் பேராக் மாநிலத்துத் தாப்பாவைச் சேர்ந்தவர். அவ்வாண்டு நாட்டின் சிறந்த விளையாட்டு வீரர், வீராங்கனை விருதுகள் முதன்முதலாக வழங்கப்பட்டபோது, ஜெகதீசனும் இராஜமணியுமே அவற்றைப் பெற்றனர். சிறுபான்மையினராகிய நம் சமூகத்திலிருந்து இருவர் முதல் விருதுகள் இரண்டையும் பெற்ற செய்தியை எத்தனை மாணவர் அறிவர்?

1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டர் ஓட்டத்தை ஜெகதீசன் 20.92 விநாடியில் ஓடினார். கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் அமைந்த அந்நகரின் மெல்லிய காற்று விரைவோட்டக்காரர்க்குத் துணைசெய்தது உண்மையே. எனினும், அத்தேசியச் சாதனையை முறியடிக்க 49 ஆண்டுகள் தேவைப்பட்டன. 2017இல்தான் கைருல் ஹஃபீஸ் ஜந்தான் 20.90 விநாடியில் ஓடி அதனைக் கடந்தார். இரு சாதனைகளுக்கும் இடையே இருந்த வேறுபாடு ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கே. செயற்கைத் தளமும் பயிற்சி அறிவியலும் வளர்ந்த காலத்தில் அச்சிறு இடைவெளியைக் கடக்க ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று.

மெக்சிகோவிற்குப் பின் ஜெகதீசன் போட்டிகளிலிருந்து விலகி மருத்துவப் பணியில் முழுமையாக ஈடுபட்டார். கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இயக்குநராகவும், சுகாதாரத் துணைத் தலைமை இயக்குநராகவும் உயர்ந்தார். திடலில் கற்ற ஒழுங்கு ஆய்வுக்கூடத்திற்கும் பயன்பட்டது என்று கொள்வதில் தவறில்லை. “விளையாட்டு படிப்பைக் கெடுக்கும்” என்னும் கூற்றிற்கு இவ்வாழ்வே தக்க மறுமொழியாகும்.

இனி நம் நிலையை நோக்குவோம். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேராவது வாழும் தோட்டங்களில் பள்ளி அமைக்க வேண்டும் என விதித்தது. அவ்வாறு எழுந்த பள்ளிகள் பலவற்றில் கட்டடம் சிறியது, நூலகம் இல்லை, ஆனால், ஓடுவதற்கு மண் இருந்தது. பெர்ணம் ஆற்றை அடுத்த ஹுத்தான் மெலிந்தாங் வட்டாரத்திலும், இரப்பரும் தென்னையும் செம்பனையும் சூழ்ந்த தோட்டங்களில், பிள்ளைகளின் கால்களுக்கு அம்மண்ணே முதற்பயிற்சி தந்தது.

ஆயின், தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிகின்றது. பன்னிரண்டு வயதில் பிள்ளை இடைநிலைப்பள்ளிக்குச் செல்கின்றான். புதிய பயிற்றுமொழி, புதிய ஆசிரியர், நீண்ட பேருந்துப் பயணம் ஆகியவற்றுக்கு நடுவே, அவன் மாவட்டப் போட்டியில் ஓடியவன் என்பதை அங்கு எவர் அறிவார்? அவனும் நாணிச் சொல்லான். நம் விளையாட்டு வீரர் பலர் தோற்றுப் போவது பந்தயத்தில் அன்று, இவ்விடைவெளியில்தான்.

ஆதலின், ஆசிரியப் பெருமக்கள் செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. அதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. திறமையுள்ள ஒவ்வொரு மாணவனுக்கும் மாணவிக்கும், ஓடிய தொலைவு, நேரம், கலந்துகொண்ட போட்டி ஆகியவற்றைக் குறித்த ஏடு ஒன்றைப் பேணுதல் வேண்டும். ஆறாம் ஆண்டு முடிவில் அதனைச் சேரவிருக்கும் இடைநிலைப்பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரிடம் நேரில் சேர்ப்பித்தல் வேண்டும். பெற்றோரை அழைத்துப் படிப்பிற்கும் பயிற்சிக்கும் உரிய நேரத்தை வகுத்துக் காட்டுதல் வேண்டும்.

மாணவ மணிகளே! ஜெகதீசன் புகழ் பெற்ற ஆண்டுகள் அவர் மாணவராக இருந்த ஆண்டுகளே. ஏடு ஒரு கை. திடல் மறு கை. இரு கைகளையும் வீசினால்தான் ஓட்டம் நேராகச் செல்லும்.