உனாஸின் பசியும் பட்ஜின் எகிப்தும்

2024இல் வெளிவந்த ஓர் இசைத்தொகுப்பில் உள்ள ஒரு பாடலின் தலைப்பைத் தமிழில் சொன்னால் ஏறத்தாழ இப்படி அமையும்: பாதாள உலகில் கழுவில் தலைகீழாகத் தொங்கவிடப்படாமலும், நான்கு குரங்குகளால் மலம் உண்ண வைக்கப்படாமலும் இருப்பதற்கான அத்தியாயம். பாடியது 'நைல்' என்னும் அமெரிக்க டெத் மெட்டல் இசைக்குழு. அருவருப்பை வியாபாரமாக்கும் ஓர் இசைவகையின் வழக்கமான சேட்டை என்று இதனைத் தள்ளிவிடுவது எளிது. பண்டைய எகிப்தியரின் ஈமச்சடங்கு இலக்கியத்தைச் சிறிதளவேனும் வாசித்தவர் அவ்வாறு தள்ளிவிட மாட்டார்.

'இறந்தோர் நூல்' என்று நாம் அழைக்கும் தொகுப்பின் 51ஆம் அத்தியாயம், மறுவுலகில் தலைகீழாக நடக்க நேராதிருப்பதற்கான மந்திரம். 53ஆம் அத்தியாயம் மலம் உண்ணாமலும் சிறுநீர் பருகாமலும் இருப்பதற்கானது. 126ஆம் அத்தியாயத்தில், நெருப்பு ஏரியைச் சுற்றி அமர்ந்திருக்கும் நான்கு பபூன் குரங்குகளிடம் இறந்தவர் தம் குற்றங்களை நீக்குமாறு வேண்டுகிறார். சாவுக்குப் பின் உலகம் தலைகீழாகிவிடும், கால் மேலாகவும் தலை கீழாகவும் நடக்க நேரும், வாய் செய்யவேண்டியதை மலவாய் செய்யும், உண்ணத்தகாததே உணவாகும் என்ற அச்சம் எகிப்தியரை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஆட்டிப்படைத்தது. மத்திய அரசுக் காலத்துச் சவப்பெட்டி வாசகங்களில் இதே கவலை மீண்டும் மீண்டும் வருகிறது. ஆக, பாடலாசிரியர் மூன்று தனித்தனி மந்திரங்களை ஒரே தலைப்பில் பிணைத்திருக்கிறார். பிணைப்பு மட்டுமே அவருடையது, அச்சம் எகிப்தியருடையது.

நைல் குழு 1993இல் தென் கரோலினா மாநிலத்தின் கிரீன்வில் நகரில் தொடங்கப்பட்டது. கிதார் கலைஞர் கார்ல் சாண்டர்ஸ் அதன் மூலவர். குழுவில் பலர் வந்து போயினும் அவர் மட்டும் தொடர்கிறார். மெட்டல் இசையில் எகிப்து அதற்கு முன்பே உண்டு. அயர்ன் மெய்டன் குழுவின் 1984ஆம் ஆண்டுத் தொகுப்பின் அட்டையில் பாரோவின் மாபெரும் சிலையொன்று அமர்ந்திருக்கிறது. ஆனால் அங்கே எகிப்து ஓர் உடை. ஒரு தொகுப்புக்கு அணிந்துவிட்டு அடுத்ததற்குக் கழற்றிவைக்கலாம். நைல் முப்பது ஆண்டுகளாக அந்த உடையைக் கழற்றவில்லை. அதைவிட முக்கியமானது, தொகுப்புகளின் உள்ளேட்டில் பாடல்களின் மூலங்களைப் பற்றிச் சாண்டர்ஸ் எழுதும் விளக்கக் குறிப்புகள். அடிக்குறிப்பு எழுதும் டெத் மெட்டல்காரர் என்பதே ஆய்வாளர்களாகிய நம்மை நின்று பார்க்க வைக்கும்.

நின்று பார்த்தால் முதலில் எழும் கேள்வி, இவருடைய எகிப்து எந்த நூலகத்திலிருந்து வந்தது என்பதுதான். விடையைத் தலைப்புகளின் எழுத்துக்கூட்டலே தருகிறது. முதலைத் தெய்வத்தை இன்றைய எகிப்தியவியல் 'சோபெக்' என்று எழுதும். 2005ஆம் ஆண்டுப் பாடலில் அது 'செபெக்'. 2002ஆம் ஆண்டுப் பாடலொன்றின் தலைப்பு முழுவதும் எகிப்திய மொழியில் அமைந்தது. அதில் ஒசிரிஸின் பெயர் 'அசார்' என்று வருகிறது. இவை இ. ஏ. வாலிஸ் பட்ஜின் கைரேகைகள். எகிப்திய எழுத்து உயிரொலிகளைக் குறிப்பதில்லை. அந்த இடைவெளிகளை நிரப்பப் பட்ஜ் கையாண்ட முறை அவர் காலத்திலேயே பழமையானது. (எல்லாமே பட்ஜ் என்றும் சொல்லிவிட முடியாது. மறுவுலகைப் பட்ஜ் 'துவாத்' என்பதற்குப் பதிலாகத் 'துஆத்' என்று வல்லெழுத்தால் எழுதுவார். 2005ஆம் ஆண்டுப் பாடலொன்று இன்றைய மெல்லெழுத்து வடிவத்தையே கொள்கிறது. ஆக, வேறு நூல்களும் மேசைமேல் இருந்திருக்கின்றன.)

பட்ஜ் 1894 முதல் 1924 வரை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் எகிப்திய, அசீரியத் தொல்பொருள்களின் காப்பாளர். 1888இல் லக்சரில் ஆனி என்னும் எழுத்தரின் பப்பைரசுச் சுருளை அவர்தான் வாங்கினார். காவலர் முத்திரையிட்ட வீட்டுக்குள் பக்கத்து விடுதித் தோட்டத்திலிருந்து சுரங்கம் தோண்டித் தொல்பொருள்களை வெளியேற்றிய கதையை, வெட்கமின்றி, தம் நினைவுக்குறிப்பில் விவரிக்கவும் செய்தார். ஏறத்தாழ 24 மீட்டர் நீளமிருந்த அச்சுருள் லண்டனில் 37 துண்டுகளாக வெட்டப்பட்டது. 1895இல் வந்த அவருடைய மொழிபெயர்ப்பை 1967இல் டோவர் பதிப்பகம் மலிவுப் பதிப்பாக்கியது. அன்றிலிருந்து ஆங்கிலம் வாசிக்கும் உலகின் 'இறந்தோர் நூல்' அதுவே. 1994இல் வந்த 'ஸ்டார்கேட்' திரைப்படத்தில் எகிப்தியவியலாளர் பாத்திரம் ஒன்று, இந்தப் பட்ஜை ஏன்தான் மீண்டும் மீண்டும் அச்சிடுகிறார்களோ என்று அலுத்துக்கொள்ளும். ஏன் என்பதற்கு விடை எளியது: பதிப்புரிமை கிடையாது, விலை குறைவு. பிரமிடு வாசகங்களுக்கு ஃபாக்னர் 1969இலும் ஆலன் 2005இலும் செய்த மொழிபெயர்ப்புகள் பல மடங்கு நம்பகமானவை. ஆயினும் பல்கலைக்கழக நூலகத்துக்கு வெளியே இருப்பவர் கையில் முதலில் கிடைப்பது பட்ஜ்தான். வாடகைக்கு ஒலிப்பதிவுக் கூடம் எடுக்கும் இசைக்கலைஞர் எதை வாங்குவார்? கேலி செய்பவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

இனி, பிழையான பதிப்பின் வழியே வந்தும் பிழையற்ற ஒன்றை இக்குழு எவ்வாறு பிடித்தது என்பதைப் பார்க்கலாம். சக்காராவில் உள்ள உனாஸ் மன்னனின் பிரமிடுக்குள் காஸ்டன் மாஸ்பெரோ 1881இல் நுழைந்தார். ஐந்தாம் அரசமரபின் கடைசி மன்னன் உனாஸ், காலம் கி.மு. 24ஆம் நூற்றாண்டு. உட்சுவர்களில் செதுக்கப்பட்டவையே இன்று நமக்குத் தெரிந்த மிகப் பழைய பிரமிடு வாசகங்கள். முன்னறையின் கிழக்கு முகட்டுச் சுவரில் இருப்பவை 273, 274ஆம் கூற்றுகள். ஆய்வுலகம் இவற்றை 'நரமாமிச மந்திரம்' என்று அழைக்கிறது. வானம் இருள்கிறது, விண்மீன்கள் நடுங்குகின்றன, மன்னன் தன் தந்தையரையும் தாயரையும் உண்பவனாக எழுகிறான். தெய்வங்களைப் பிடிக்கவும் கட்டவும் அறுக்கவும் கொப்பரையில் வேகவைக்கவும் தனித்தனி ஏவலர் உண்டு. பெரிய தெய்வங்கள் காலை உணவு, நடுத்தரத் தெய்வங்கள் மாலை உணவு, சிறியவை இரவு உணவு. தெய்வங்களின் இதயத்தோடு அவர்களுடைய மந்திர ஆற்றலும் மன்னனின் வயிற்றுக்குள் சென்றுவிடுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிஞர் பலர் இதைக் கண்டு கூசினர். வரலாற்றுக்கு முந்திய காட்டுமிராண்டி வழக்கத்தின் எச்சம் என்று கூறி அப்பால் வைத்தனர். அடுத்த மன்னன் தெத்தியின் பிரமிடுக்குப் பிறகு எந்தப் பிரமிடிலும் இம்மந்திரம் இல்லை என்பது அவர்களுக்கு வசதியாயிற்று. கிறிஸ்டோபர் அயரின் தனிநூல் 2002இல் வெளிவந்தது. இது மனிதரைத் தின்ற நினைவு அன்று, காளையை அறுத்துப் பங்கிடும் சடங்கின் மொழியில் அமைந்த கவிதை என்று அவர் விளக்கினார். அதே 2002இல், பதினொரு நிமிடங்களுக்கு மேல் நீளும் உனாஸ் பாடலை நைல் வெளியிட்டது. ஒருவரை ஒருவர் அறிந்திருக்க வாய்ப்பில்லாத இருவர், ஒரே ஆண்டில், நூறாண்டுகளாக ஓரத்தில் கிடந்த ஒரு மந்திரத்தை நடுவில் கொண்டுவந்து வைத்தனர்.

பாடல் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்கிறது. அயரின் நுட்பம் அதில் இல்லை. ஆனால் அயரின் நூலிலோ வேறெந்த நூலிலோ இருக்க முடியாத ஒன்று பாடலில் இருக்கிறது. உனாஸின் சுவர்களில் ஒவ்வொரு பத்தியின் தலையிலும் ஒரு சொற்றொடர் பொறிக்கப்பட்டுள்ளது: 'ஜெத் மெது', அதாவது 'சொல்லப்பட வேண்டிய சொற்கள்'. இவை ஓதுவதற்கானவை, குரல் இன்றி இவை வேலை செய்யா. நாம் இவற்றை நூற்றைம்பது ஆண்டுகளாக மௌனமாக வாசித்துவருகிறோம். தொண்டையின் அடியிலிருந்து எழும் டெத் மெட்டல் உறுமலில் சொற்கள் புரிவதில்லை என்பது அவ்விசைமீது வைக்கப்படும் பழைய குற்றச்சாட்டு. கேட்பவர் கையில் உள்ளேட்டை வைத்துக்கொண்டு வரிகளைப் பின்தொடர்கிறார். மூடி முத்திரையிடப்பட்ட அறையில், உயிருள்ள எவரும் வாசிப்பதற்காக அன்றி எழுதப்பட்ட ஒரு மந்திரத்துக்கு, புரியாத குரலும் கையில் ஒரு பிரதியும் பொருந்தாதவை என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மை ஆகாது. உனாஸின் பிரமிடில் இருநூறுக்கும் மேற்பட்ட கூற்றுகள் உள்ளன. அவற்றில் பெரும்பகுதி ரொட்டி, பீர், எண்ணெய், துணி, வெங்காயம் முதலியவற்றை இறந்தவனுக்குப் படைக்கும் எளிய சடங்குச் சொற்கள். தெய்வங்களைத் தின்னும் மன்னனுக்குப் பதினொரு நிமிடம் கிடைத்தது. வெங்காயத்துக்கு ஒரு நொடியும் கிடைக்கவில்லை. சாவை அஞ்சிய ஒரு சமூகம் சாவை வழிபட்ட சமூகமாகக் காட்சியளிப்பது இத்தகைய தேர்வினால்தான். போதாக்குறைக்கு, 1998இல் வந்த முதல் முழுத்தொகுப்பின் தலைப்பில் வரும் நெஃப்ரன்-கா என்னும் பாரோ எகிப்தை ஆண்டவனே அல்லன். அமெரிக்கப் புனைகதையாளர் லவ்கிராஃப்டின் கற்பனை. வரலாறும் திகில்கதையும் ஒரே உள்ளேட்டில் ஒரே எழுத்துருவில் அச்சாகின்றன.

இன்னொரு குறை அரசியல் சார்ந்தது. நைலின் பாடல்கள் பெரும்பாலும் அரண்மனையின் பக்கம் நிற்கின்றன. இரண்டாம் ராம்சேஸைப் போரின் தூதனாக முழங்கும் 1997ஆம் ஆண்டுப் பாடல் கதேஷ் போரைப் பற்றி மன்னன் கோயில் சுவர்களில் செதுக்குவித்த தற்புகழ்ச்சியின் நீட்சி. அப்போருக்குப் பின்னும் கதேஷ் ஹிட்டைட்டுகள் வசமே இருந்தது. ராம்சேஸின் 21ஆம் ஆட்சியாண்டில் இரு தரப்பும் உடன்படிக்கை செய்துகொண்டன. அகெனாத்தெனைச் சாடும் 2005ஆம் ஆண்டுப் பாடலும் அவன் பெயரைச் சுரண்டி அழித்தவர்களின் குரலிலேயே பேசுகிறது. அதே மன்னனைப் பற்றி பிலிப் கிளாஸ் இயற்றி 1984இல் அரங்கேறிய ஓபராவில் பண்டைய எகிப்தியம், அக்காடியம், எபிரேயம் எல்லாம் பாடப்படுகின்றன. அங்கு அவன் இரக்கத்துக்குரிய கனவுக்காரன். இரண்டில் எது வரலாற்றுக்கு நெருக்கமானது என்று கேட்டால் இரண்டும் அல்ல என்பேன். ஆனால் கிளாஸுக்குக் கருத்தரங்குகள் உண்டு.

இசைக்கு வருவோம். பண்டைய எகிப்தியர் தம் இசைக்கு விட்டுச்சென்ற குறிமுறை எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. யாழ்களும் குழல்களும் சிஸ்ட்ரம் என்னும் கிலுகிலுப்பைகளும் கிடைத்துள்ளன. துத்தன்காமுனின் கல்லறையிலிருந்து எடுத்த எக்காளங்கள் 1939இல் பிபிசி வானொலிக்காக ஊதப்பட்டன. பண்ணோ மெட்டோ எதுவும் எஞ்சவில்லை. அப்படியானால் நைலைக் கேட்டவுடன் எகிப்து என்று நமக்குத் தோன்றுவது ஏன்? சாண்டர்ஸ் விரும்பிக் கையாளும் சுர வரிசை அரபு, துருக்கிய மரபின் ஹிஜாஸ். கர்நாடக இசை தெரிந்தவர் சுத்த ரிஷபத்திலிருந்து அந்தர காந்தாரத்துக்குத் தாவும் அந்த இடைவெளியைக் கேட்டதும் வகுளாபரணத்தை நினைப்பர். பாரோக்களுக்கும் அந்த வரிசைக்கும் உள்ள உறவுக்குச் சான்று கிடையாது. அவர் மீட்டும் பாக்லமா துருக்கியக் கருவி. 'எகிப்திய ஒலி' என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பா கட்டிய செவிப்பழக்கம். அதன் பெருஞ்சின்னம் 1871இல் கெய்ரோவில் அரங்கேறிய வெர்டியின் 'அய்டா'. அதன் கதையை அமைத்தவர் பிரெஞ்சு எகிப்தியவியலாளர் ஒகுஸ்த் மரியெத். கற்பனை எகிப்தைக் கட்டியதில் நம் துறைக்கும் பங்குண்டு. ஆகவே இசைக்குழுவை மட்டும் குற்றம் சொல்வது முறையன்று.

அதே மரியெத்தான், எகிப்தியர் கல்வெட்டுகளைப் படியெடுக்கக் கூடாது என்று தம் அருங்காட்சியகத்தில் தடைவிதித்தவர். அந்தச் சூழலிலும் எகிப்தியவியல் கற்றுத் தேர்ந்த அஹ்மத் கமால் 1923இல் இறந்தபோது, அவர் அரபு அறிஞர்களுக்காகத் தொகுத்த 22 தொகுதிப் பண்டைய எகிப்திய அகராதி கையெழுத்துப் பிரதியாகவே இருந்தது. பட்ஜ் அச்சிலிருந்து இறங்கவே இல்லை. கமால் நெடுங்காலம் அச்சேறவே இல்லை. கிரீன்வில்லில் ஒருவர் உனாஸைப் பாடும் வாய்ப்பும் கெய்ரோவில் ஒருவர் பாடும் வாய்ப்பும் இந்த வேறுபாட்டிலிருந்தே தொடங்குகின்றன.

வேறுபாடு நூலகத்தோடு முடியவும் இல்லை. ராம்சேஸ் பாடலை நைல் வெளியிட்ட 1997ஆம் ஆண்டின் சனவரியில், கெய்ரோவிலும் பிற நகரங்களிலும் எழுபதுக்கும் மேற்பட்ட இளைஞர்கள் நள்ளிரவில் வீடுகளிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டனர். மெட்டல் இசை கேட்டதும் கருப்புச் சட்டை அணிந்ததும் சாத்தான் வழிபாட்டின் சான்றுகளாயின. ஒலிநாடாக்களும் சுவரொட்டிகளும் பறிமுதல் செய்யப்பட்டன; நாளிதழ்கள் வாரக்கணக்கில் அதையே எழுதின. குற்றம் நிரூபிக்கப்படாமல் அவர்கள் விடுவிக்கப்பட்டனர். ஆனால் நாட்டின் மெட்டல் மேடைகள் பல ஆண்டுகள் வெறிச்சோடிக் கிடந்தன.

மீண்டும் ஒலி எழுந்தபோது எழுந்த குழுக்களுள் ஒன்று கெய்ரோவின் 'ஸ்கேரப்'. அதுவும் டெத் மெட்டல். அதற்கும் பொருள் பண்டைய எகிப்து. முதல் தொகுப்பு 2010இல் வந்தது, இரண்டாவது 2015இல். மெட்டல் ஆய்வு என்ற பெயரில் இன்று வளர்ந்துவரும் துறையில் நைலைப் பற்றிய கட்டுரைகளைத் தேடினால் கிடைக்கும். ஸ்கேரப்பைப் பற்றி எழுத விரும்பும் மாணவர் இதை வாசித்துக்கொண்டிருந்தால், அரபு கற்கத் தொடங்குங்கள். கமாலின் அகராதியும் இப்போது அச்சில் வந்துள்ளது.