அடுத்தாளின் கண்ணில் ஒரு கடைத்தெரு: ப. சிங்காரம் நாவல்களும் பினாங்குச் செட்டித் தெருவும்

முன்னுரை

கோலார் தங்கவயலில் 1880களில் ஜான் டெய்லர் கம்பெனி வேலை தொடங்கியது முதல் 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது வரை, எடுத்த பொன்னுக்குக் கணக்கு உண்டு. அந்தப் பொன்னை எடுக்கக் குழிக்குள் இறங்கிய தமிழர்கள் சம்பள நாளில் ராபர்ட்சன்பேட்டைக் கடைவீதிக்கு வந்து யாரிடம் கடன் சொன்னார்கள், அதை எந்தக் கடைப் பையன் சிட்டையில் எழுதிக்கொண்டான் என்பதற்குக் கம்பெனி ஏட்டில் இடமில்லை. ஊரைவிட்டுப் பிழைக்கப் போன தமிழர்களின் கடைத்தெருக்கள் பலவற்றுக்கும் இதே நிலைதான். முதலாளியின் முதலும் வட்டியும் அரசு ஆவணங்களில் பதிவாகும். கடையில் உட்கார்ந்து எழுதியவனின் நாட்கள் பதிவாகா.

அந்த நாட்களை நாவலிலிருந்து மீட்க முடியும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. எடுத்துக்கொண்ட கடைத்தெரு பினாங்கின் செட்டித் தெரு. சான்றுகள் ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’, ‘புயலிலே ஒரு தோணி’ ஆகிய இரண்டு நாவல்கள்.

தெரு உருவான வரலாறு

1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் ஆங்கிலக் கம்பெனியின் கொடியை ஏற்றிய சில ஆண்டுகளிலேயே சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்கள் சூலியா தெருவை ஒட்டிக் குடியேறினர். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801இலும், குயின் தெரு மாரியம்மன் கோயில் 1833இலும் எழுந்தன. நகரத்தார் எனும் செட்டியார்கள் இவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள். அவர்கள் தண்ணீர்மலை அடிவாரத்தில் கட்டிய தண்டாயுதபாணி கோயில் 1857இல் நிறைவுற்றது. காரைக்குடிப் பகுதியில் செய்த வெள்ளி ரதம் 1894இல் கப்பலேறி வந்தது. தைப்பூசத்துக்கு முதல் நாள் அந்த ரதம் புறப்படும் கோயில் வீடு இருப்பது பினாங்கு தெருவில். தமிழர் வாயில் அதுதான் செட்டித் தெரு.

இந்தத் தெருவின் சரக்கு பணம். ஐரோப்பிய வங்கிகள் பெரும்பாலும் பெரிய கம்பெனிகளுக்கே கதவைத் திறந்தன. ஈய வியாபாரம் செய்த சீனருக்கும், ரப்பர் நட்ட சிறு தோட்டக்காரருக்கும், நிலம் வைத்திருந்த மலாய்க்காரருக்கும் கைமாற்று கிடைத்த இடம் செட்டித் தெரு. கடைக்காரர்கள் வங்கியில் ஒரு வட்டிக்கு வாங்கி அதைவிடக் கூடிய வட்டிக்கு விட்டு, இடைப்பட்டதை லாபமாகக் கண்டார்கள். ரப்பர் விலை ஏறிய காலத்தில் தெரு செழித்தது. 1929க்குப் பின் விலை விழுந்தபோது, கடனுக்கு ஈடாக வைத்த நிலங்கள் கடைக்காரர் கைக்கு வந்தன. நிலம் பிறர் கைக்குப் போகிறது என்ற அச்சம் மலாய் மண்ணில் அதற்கு முன்பே இருந்தது. கூட்டு மலாய் மாநிலங்களில் 1913இல் வந்த மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் அந்த அச்சத்தின் விளைவு.

இதுவரை சொன்னதை ஆவணங்களிலிருந்தே சொல்லிவிடலாம். கடையின் வாசற்படியைத் தாண்டி உள்ளே போகத்தான் நாவல் வேண்டியிருக்கிறது.

கிட்டங்கிக்குள்

‘கிட்டங்கி’ என்பது நீண்ட ஒரே கூடம். அதற்குள் பல கடைகள். சுவரோரம் ஒரு மரப்பெட்டி, அதன் முன் ஒரு பாய், சாய்ந்து எழுத ஒரு மேசைப்பெட்டி. ஒரு கடை என்பது அவ்வளவுதான். பகலில் கொடுக்கல் வாங்கல் நடந்த அதே பாய் விரிந்த இடத்தில்தான் இரவில் படுக்கை. சமையல் பொது. பெண்களும் குழந்தைகளும் ஊரில் இருந்தார்கள்.

இந்தக் கூடத்துக்கென்று ஒரு படிவரிசை இருந்தது. அடிப்படியில் பெட்டியடிப் பையன்: கூட்டுவது, தண்ணீர் எடுப்பது, ஏவிய இடத்துக்கு ஓடுவது, இடையிடையே கணக்குப் படிப்பது. அவனுக்கு மேல் பேரேடு எழுதி, கடன்காரரைத் தேடிப்போய் வசூலிக்கும் அடுத்தாள். எல்லாருக்கும் மேல் மேலாள். ஊரிலிருக்கும் முதலாளிக்காகக் கடையை நடத்தி, ஐந்தொகை போட்டு அனுப்புகிறவர். மூன்று ஆண்டு ஒரு கணக்கு. அது முடிந்தால் ஊர்ப் பயணம், பிறகு மறுபடியும் கப்பல். 1926 முதல் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே ஓடிய ‘ரஜூலா’ இந்த வாழ்க்கையின் பாலம்.

பெயரிடும் முறையிலேயே இந்த உலகத்தின் இயல்பு தெரியும். கடைக்காரரை அவருடைய சொந்தப் பெயர் சொல்லி யாரும் அழைப்பதில்லை. கடையின் பெயர்க்குறியான விலாசத்தின் எழுத்துகளைத் திண்ணைப் பள்ளியில் அரிச்சுவடி ஒப்பிப்பதுபோல நீட்டி, மூனா, ரூனா என்று சொல்வார்கள். ‘கடலுக்கு அப்பால்’ நாவலின் முதலாளி ‘வானாயீனா’ ஆனது இப்படித்தான். ஆளும் கடையும் ஒரே பெயருக்குள் அடங்கிவிடும். அவர் செட்டியாரும் இல்லை, பிள்ளை. செட்டித் தெரு என்ற பெயருக்கு அடியில் இராமநாதபுரம் சீமையின் பல சாதியாரும் கடை நடத்தினார்கள், கடைக்கு உழைத்தார்கள் என்பதை நாவல் இயல்பாகக் காட்டிவிடுகிறது. தெருவின் பெயரை மட்டும் நம்பும் வரலாறு அவர்களைத் தவறவிடும்.

எழுதியவர் யார்?

சிங்காரம் 1920இல் சிங்கம்புணரியில் பிறந்தார். 1938இல், பதினெட்டு வயதில், கடல் கடந்து சுமத்ராவின் மெடான் நகரில் ஒரு வட்டிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். போர்க்காலம் முழுவதையும் அந்தப் பக்கத்தில் கண்டுவிட்டு 1946இல் ஊர் திரும்பினார். பிறகு மதுரையில் ‘தினத்தந்தி’யில் நாற்பது ஆண்டுகள். ‘கடலுக்கு அப்பால்’ கலைமகள் போட்டியில் பரிசு பெற்று 1959இல் நூலாயிற்று. ‘புயலிலே ஒரு தோணி’ எழுதிப் பல ஆண்டுகள் கிடந்து 1972இல்தான் அச்சேறியது. 1997இல் அவர் காலமானார். எழுதியவை இந்த இரண்டு நாவல்களே.

வட்டிக்கடையில் வேலை பார்த்தவர் என்பதால் அவருடைய கடைத்தெரு கல்லாப்பெட்டிக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து தெரிகிறது. வட்டித் தொழிலை அவர் புகழவும் இல்லை, பழிக்கவும் இல்லை. அந்தத் தொழில் ஓர் இளைஞனிடம் எதைக் கேட்டது என்பதையே உற்றுப் பார்க்கிறார். பணிவு, பொறுமை, கணக்கில் துல்லியம், ஆசையை அடக்குவது. இவையெல்லாம் கூடினால் ஒருநாள் தனிக்கடை வைக்கலாம், முதலாளியின் மருமகனாகக்கூட ஆகலாம். அந்த எதிர்பார்ப்புதான் கிட்டங்கியை நிமிர்த்தி நிறுத்திய தூண்.

போர் புகுந்த தெரு

1941 டிசம்பர் 11இல் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுன் மேல் குண்டு வீசின. 19ஆம் தேதி நகரம் அவர்கள் கைக்குப் போனது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது, மார்ச்சில் மெடான். ஜப்பானியர் மெடானுக்குள் நுழையும் அந்தக் கட்டத்தில்தான் ‘புயலிலே ஒரு தோணி’ தொடங்குகிறது. நேற்றுவரை கடைகளும் வாடிக்கையும் இருந்த தெருவில் அதிகாரம் ஒரே நாளில் கைமாறுவதை அங்கே கண்ணெதிரே காண்கிறோம்.

கப்பல் நின்றது. ஊருக்குப் பணம் அனுப்ப வழியில்லை. பத்து வெள்ளி நோட்டில் வாழைமரம் அச்சிட்ட ஜப்பானியப் பணம் புழங்கியது. நாளுக்கு நாள் அதன் மதிப்பு இறங்கியது. நல்ல காசில் வாங்கிய கடனை இந்த நோட்டில் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. 1945 செப்டம்பரில் ஆங்கிலேயர் திரும்பி வந்தபோது அந்த நோட்டுகள் வெறும் காகிதமாயின. ஆக்கிரமிப்புக் காலக் கடன்களைத் தீர்த்துவைக்க 1948இல் தனிச் சட்டமே தேவைப்பட்டது. 1951இல் வந்த வட்டித்தொழில் சட்டம் உரிமம், வட்டி வரம்பு என்று பழைய போக்குக்குக் கடிவாளம் போட்டது.

வணிக வரலாறு செட்டித் தெருவின் தளர்ச்சிக்குச் சொல்லும் காரணங்கள் இவை. சிங்காரம் இவற்றோடு இன்னொன்றையும் வைக்கிறார். 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்ததும், கிட்டங்கிப் பாயில் உட்கார்ந்திருந்த இளைஞர்கள் எழுந்து இந்திய தேசிய ராணுவத்துக்குப் போனார்கள். ‘கடலுக்கு அப்பால்’ நாவலின் செல்லையா அவர்களில் ஒருவன். போர் முடிந்து அதே கடைக்கு, அதே பேரேட்டுக்குத் திரும்புகிறான். கணக்கில் அவனிடம் குறை காண முடியாது. ஆனாலும் துப்பாக்கி பிடித்த கைக்கு வட்டித் தொழிலுக்கு வேண்டிய பதம் இராது என்பது வானாயீனாவின் முடிவு. மகள் மரகதத்தை வேறொருவனுக்குப் பேசிவிடுகிறார். செல்லையாவும் மரகதமும் பிரிகிறார்கள்.

காதல் கதையாக மட்டும் படித்தால் இது ஒரு தந்தையின் பிடிவாதம். கடைத்தெருவின் வரலாறாகப் படித்தால், கிட்டங்கியின் தூண் முறிந்த இடம் இது. மேலே ஏற ஒரு வழி உண்டு என்று நம்பித்தான் அடுத்தாள் கீழே அடங்கியிருந்தான். அந்த வழியை முதலாளியே அடைத்துவிட்டார். அடங்கியிருந்தவனும் இப்போது பழைய ஆளாக இல்லை. சட்டம் வருவதற்கு முன்பே கடைக்குள் ஓர் ஒப்பந்தம் குலைந்துவிட்டது. அதற்குக் கையெழுத்து இல்லை, ஆதலால் எந்த ஆவணத்திலும் அது இல்லை.

‘புயலிலே ஒரு தோணி’யின் பாண்டியனோ கடைக்குள் மறுபடி அடங்கவே இயலாதவன். மதுரைத் தெருக்களும் சின்னமங்கலத்துச் சந்தையும் அவன் நினைவில் ஓயாமல் வந்துபோகின்றன. கடல் கடந்த கடைத்தெருவை அவன் ஊர்ச் சந்தையின் வழியாகவே பார்க்கிறான். ஊருக்குத் திரும்ப நினைக்கும் வேளையில் சாவு அவனை முந்திக்கொள்கிறது. மூன்று ஆண்டுக் கணக்கு முடித்துக் கப்பலேறி வீடு சேர்ந்த தலைமுறை அவனோடு முடிகிறது.

முடிவுரை

நாவலை ஆவணமாகப் படிப்பதில் எச்சரிக்கை வேண்டும். வானாயீனாவும் செல்லையாவும் கற்பனை மனிதர்கள். தேதிக்கும் சட்டத்துக்கும் நாவலைச் சான்றாகக் கொள்ளக் கூடாது. ஆனால் ஒரு கடைத்தெருவில் யார் யாரை எப்படி அழைத்தார்கள், எதற்கு அஞ்சினார்கள், எதை நம்பி இளமையைக் கொடுத்தார்கள் என்பதற்கு, அங்கே உழைத்தவர் எழுதிய நாவலைவிட நெருங்கிய சான்று அரிது.

2008இல் யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அந்தப் பட்டியல் கட்டடங்களையும் தெருக்களையும் காக்கும். வெள்ளி ரதம் இன்றும் பினாங்கு தெருவிலிருந்து புறப்படுகிறது. அதைச் செய்வித்தவர்களின் செல்வத்துக்கு அது சாட்சி. பேரேடு எழுதி, இரவில் அதே பாயில் படுத்து, ஊர்ச் சந்தையைக் கனவில் கண்ட அடுத்தாளுக்குச் சாட்சி சொல்ல இந்த இரண்டு நாவல்கள் இருக்கின்றன. ராபர்ட்சன்பேட்டைக் கடைச் சிட்டையில் கடன் எழுதிய பையனையும் தேடிப் புறப்படுகிற ஆய்வாளர், கம்பெனி ஏட்டோடு நின்றுவிடாமல், அந்த மண்ணில் பிறந்த கதைகளையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.