மூன்றரை நாளில் பரங்கிமலைக்கு வந்த குதிரைகள்



சந்தைக்கு மாடு வாங்கப் போனால் நாம் என்னவெல்லாம் பார்க்கிறோம்? வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறோம். சுழி பார்க்கிறோம். நாலடி நடக்கவிட்டுக் கால் வைப்பைக் கவனிக்கிறோம். அதற்குப் பிறகுதான் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிறோம். உழவுக்கு என்றால் ஒரு மாதிரி, வண்டிக்கு என்றால் ஒரு மாதிரி, பாலுக்கு என்றால் வேறு மாதிரி. ஆள் பார்த்துப் பெண் கொடுப்பதுபோல வேலை பார்த்துத்தான் மாடு பிடிக்கிறோம்.

குதிரையிலும் இதே கதைதான். குதிரைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நம்ம ஊரில் குதிரை என்றால் ஐயனார் கோயில் மண்குதிரை. பட்டணத்துக்குப் போய்வந்தவர்களுக்குப் பழைய ஜட்கா வண்டி ஞாபகம் வரும். ஆனால் நெடுந்தூரம் ஓட எந்தக் குதிரை என்று சரியாகப் பொறுக்கி எடுத்த ஒருவர், இந்தச் சென்னைப் பட்டணத்தையே கைகட்டி நிற்க வைத்திருக்கிறார். அந்த விஷயத்தைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

அவர் மைசூர் ஐதர் அலி. நடந்தது 1769-ம் ஆண்டு மார்ச் மாதக் கடைசியில்.

அப்போது ஐதர் அலிக்கும் ஆங்கிலக் கம்பெனிக்கும் இரண்டு வருஷமாகச் சண்டை. 1767-ல் செங்கத்திலும் திருவண்ணாமலையிலும் கர்னல் ஜோசப் ஸ்மித் என்கிற கம்பெனித் தளபதி ஜெயித்தார். ஜெயித்தும் பிரயோஜனமில்லை. ஐதரின் குதிரைக்காரர்களை அவரால் துரத்திப் பிடிக்க முடியவில்லை. காரணம் என்ன? கம்பெனிப் படை காலாட்படை. பீரங்கியை இழுப்பது மாடு, அரிசி மூட்டையைச் சுமப்பது மாடு. மாட்டுக்குத் தீவனம் கிடைக்கும் வரை நடக்கும், கிடைக்காத இடத்தில் படுத்துவிடும். அதே 1767-ல் பதினேழு வயதுகூட நிரம்பாத திப்பு, ஒரு குதிரைப்படையோடு பட்டணத்தின் தோட்ட வீடுகள் வரை வந்து சூறையாடிவிட்டுப் போனது தனிக்கதை.

1769 மார்ச்சில் ஐதர் ஒரு யுக்தி செய்தார். பெரிய பீரங்கி, கூடாரம், காலாட்படை, மூட்டை முடிச்சு எல்லாவற்றையும் ஆத்தூர்க் கணவாய் வழியாக மைசூருக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். தன்னோடு வைத்துக்கொண்டது பொறுக்கி எடுத்த 6,000 குதிரையும் 200 காலாட்களும்தான். ஒரு பீரங்கிகூடக் கிடையாது. பின்னாலே ஸ்மித் வந்துகொண்டிருக்கிறார். இவர் திரும்பிப் பார்க்காமல் வடக்கே விட்டார். 130 மைல், மூன்றரை நாள். மார்ச் 29-ந் தேதி பரங்கிமலையில் வந்து நின்றார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 130 மைல் என்றால் சுமார் 210 கிலோமீட்டர். நாளுக்கு 60 கிலோமீட்டர். பங்குனி வெயில், அன்றைய வண்டித்தடம், நடுவே ஆறுகள். ஒருநாள் ஓடுவது பெரிதில்லை. மறுநாள் காலையில் அதே குதிரை எழுந்து நிற்க வேண்டும், அதற்கு மறுநாளும் நிற்க வேண்டும். அங்கேதான் இருக்கிறது சூட்சுமம்.

பரங்கிமலையிலிருந்து கோட்டைக்கு இரண்டு மணி நேரச் சவாரிகூட இல்லை. நடுவில் அடையாறு, அதன்மேல் சைதாப்பேட்டையில் ஆர்மீனிய வணிகர் கோஜா பெத்ருஸ் உஸ்கான் 1726-ல் தன் சொந்தச் செலவில் கட்டிய பாலம். (இப்போது அந்த இடத்தில் மறைமலை அடிகள் பாலம்.) பாலத்தைத் தாண்டினால் இன்றைய தியாகராய நகர். அன்று அது ஊரே இல்லை, நுங்கம்பாக்கம் வரை நீண்ட ஏரி. 1920-களில்தான் அந்த ஏரியை வற்றவைத்து மனை போட்டார்கள். கிழக்கே மயிலாப்பூர், சாந்தோம். நீங்கள் கேட்கிற சென்னை வானொலியின் கட்டடம் சாந்தோமுக்குப் பக்கத்து வீடு மாதிரி. அந்தப் பக்கமெல்லாம் குடியானவர்களும் நெசவாளர்களும் இருந்தார்கள். கோட்டைச் சுவர் அவர்களுக்கு வெகு தூரம்.

கவர்னரும் கவுன்சிலும் ஆடிப்போனார்கள். ஸ்மித்தை அங்கேயே நில் என்று எழுதச் சொன்னார் ஐதர், எழுதினார்கள். பேச்சுவார்த்தைக்கு டூப்ரேயை அனுப்பு என்றார், அனுப்பினார்கள். ஏப்ரல் முதல் வாரத்தில் உடன்படிக்கை. பிடித்த ஊர்களை இருவரும் திருப்பிக் கொடுப்பது, ஒருவருக்கு ஆபத்து என்றால் மற்றவர் உதவுவது. அந்த உதவி வாக்குறுதியைக் கம்பெனி காப்பாற்றவில்லை. மராட்டியர்கள் மைசூர்மேல் வந்தபோது சும்மா இருந்துவிட்டது. அதன் பலனைப் பின்னால் சொல்கிறேன்.

சரி, அவை எந்த ஜாதிக் குதிரைகள்? மைசூர்ப் படையில் அரண்மனை லாயத்துக் குதிரையும் இருந்தது. வீரன் தன் சொந்தக் குதிரையோடு வந்து சேர்வதும் இருந்தது. அன்றைய தென்னாட்டுக் குதிரைப்படைகளில் தலைவர்களுக்கு அரபிக் குதிரை, மற்றவர்களுக்குப் பெரும்பாலும் தக்காணத்து நாட்டுக் குதிரையும் தட்டுவும். தக்காணத்துக் குதிரையைப் பீமதடி என்பார்கள். பீமா ஆற்றங்கரையில் வளர்ந்தது. பல தலைமுறையாக அரபி ரத்தமும் நாட்டு ரத்தமும் கலந்தது. பார்வைக்கு ஒன்றுமில்லை. தோள்மேட்டு உயரம் நாலரை அடி இருந்தால் பெரிது. மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக்கூட யோசித்துத்தான் கூப்பிடுவோம்.

ஆனால் தூரத்துக்கு இந்தச் சிறிய உடம்புதான் சிலாக்கியம். ஓடும்போது தசையில் சூடு பிறக்கிறது. அந்தச் சூடு தோல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். உடம்பு பெரிதாகப் பெரிதாக எடை கூடுகிற அளவுக்குத் தோலின் பரப்பு கூடுவதில்லை. பெரிய அண்டாவில் வடித்த சோறு ஆற நேரமாகிறது, சின்னக் குண்டானில் உள்ளது சீக்கிரம் ஆறிவிடுகிறது இல்லையா, அதேதான். தசையிலும் இரண்டு விதம் உண்டு. ஒன்று சட்டென்று பாய்ந்து சட்டென்று ஓய்ந்துபோகிற நார்; மற்றொன்று மெதுவாக, நாளெல்லாம் உழைக்கிற நார். அரபிக்கும் அதன் வழிவந்தவற்றுக்கும் இந்த இரண்டாவது ரகம் அதிகம்.

கிண்டியில் 1777-லேயே குதிரைப் பந்தயம் ஆரம்பித்துவிட்டார்கள். (அந்தப் பந்தய மைதானத்தின் குத்தகையை 2024-ல் அரசு ரத்து செய்தது.) பிற்காலத்தில் அங்கே ஓடியது இங்கிலாந்தில் உருவாக்கிய பந்தய ஜாதி. உயரம், நீண்ட கால், பளபளப்பு. ஓடுகிற தூரம் ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள். இரண்டு மூன்று நிமிஷத்தில் காரியம் முடிந்தது. அதை அறுபது கிலோமீட்டர் நாலு நாள் விரட்டினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

இப்போது உலகத்தில் நெடுந்தூரக் குதிரை ஓட்டம் ஒரு போட்டியாகவே நடக்கிறது. ஒரே நாளில் 160 கிலோமீட்டர். அமெரிக்காவில் 1955-ல் முதல் ஓட்டம் நடந்தது. இதில் எனக்குப் பிடித்த விஷயம், நடுநடுவே கால்நடை மருத்துவர் நிறுத்தி நாடி பார்ப்பதுதான். குறிப்பிட்ட நேரத்துக்குள் இதயத் துடிப்பு நிமிஷத்துக்கு 64-க்குக் கீழே இறங்காவிட்டால் போட்டியிலிருந்து விலக்கிவிடுவார்கள். எவ்வளவு வேகம் வந்தது என்று கேட்பதைவிட, எவ்வளவு சீக்கிரம் ஆறியது என்று கேட்கிறார்கள். அந்தப் போட்டிகளில் மேலே வருவது பெரும்பாலும் அரபியும் அரபிக் கலப்பும்தான்.

நாட்டு ஜாதியின் சக்திக்கு இன்னொரு சாட்சி சொல்கிறேன். சிஃபெலி என்ற ஆசிரியர் 1925-ல் தென் அமெரிக்காவில் உள்ள அர்ஜென்டினாவிலிருந்து குதிரையில் கிளம்பி 1928-ல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். கிட்டத்தட்ட பத்தாயிரம் மைல். அவர் வைத்திருந்தது மாஞ்சா, காத்தோ என்று இரண்டு கிரியோல்லோ நாட்டுக் குதிரைகள். கிளம்பும்போதே பதினைந்து, பதினாறு வயது. மலை, பாலைவனம், சதுப்பு எல்லாம் கடந்து இரண்டும் உயிரோடு ஊர் திரும்பின.

நல்ல ஜாதி மட்டும் போதுமா என்றால், போதாது. இதற்கும் நம் நாட்டிலேயே பாடம் இருக்கிறது. 13-ம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ என்ற வெனிஸ் நகர யாத்திரிகர் நம் கடற்கரைக்கு வந்தார். இன்றைய சாந்தோமில் உள்ள புனித தோமையார் சமாதியைப் பற்றியும் எழுதியிருக்கிறார். பாண்டிய நாட்டு அரசர்கள் அரபு நாட்டிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரை வாங்கியதைப் பார்த்தார். ஆளுக்கு வருஷம் இரண்டாயிரம். வருஷ முடிவில் மிஞ்சுவது நூறுகூட இல்லையாம். ஏன்? பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லை. சோறும் மாமிசமும் சமைத்துப் போட்டிருக்கிறார்கள்! புல் தின்கிற ஜீவனுக்கு இது என்ன விருந்து? லாடக்காரனையும் வைத்தியனையும் வியாபாரிகள் கூட அனுப்பவில்லை. குதிரை செத்தால்தானே அடுத்த கப்பலுக்கு விலை! இதைப் படித்தபோது, இன்றைக்கும் இந்த மாதிரி வியாபாரம் உண்டே என்று நினைத்துக்கொண்டேன்.

பிற்காலத்தில் நம்மவர்கள் கற்றுக்கொண்டார்கள். ஊறவைத்த கொள்ளு, புல், வைக்கோல். வெள்ளைக்காரன் கொள்ளுக்கே குதிரைப் பயறு என்றுதான் பெயர் வைத்தான். உங்கள் மானாவாரிக் காட்டில் கடைசி மழைக்கு விதைக்கிற அதே கொள்ளு.

மாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் நீங்கள் கோபித்துக்கொள்வீர்கள். மைசூரின் அமிர்த மகால் மாடுகளைப் பீரங்கி இழுக்கவே தனியாக வளர்த்தார்கள். 1781-ல் சிதம்பரத்தைக் கம்பெனிப் படை தாக்கியபோது, ஐதர் இரண்டரை நாளில் நூறு மைல் வந்து சேர்ந்தார். அதற்குக் காரணம் இந்த மாடுகள் என்று ஆங்கிலேயரே எழுதி வைத்திருக்கிறார்கள். 1769-ல் குதிரை வந்த வேகத்தைப் பீரங்கி மாடு தொட்டுவிட்டது! சின்னத் தலை, இறுகிய குளம்பு, மெலிந்த நீண்ட உடம்பு. நெடுவழி மாட்டின் லட்சணமும் நெடுவழிக் குதிரையின் லட்சணமும் ஒன்றுபோலவே இருக்கின்றன.

இத்தனை நேரம் குதிரையைப் புகழ்ந்தேன். ஆனால் அவை எதைத் தின்றன? ஒரு குதிரைக்கு நாளுக்கு எட்டு கிலோ தீவனம் என்று வையுங்கள். 6,000 குதிரைக்கு 48 டன். ஆளுக்கு 25 லிட்டர் தண்ணீர் என்றால் ஒன்றரை லட்சம் லிட்டர். மூட்டை முடிச்சு இல்லாமல் கிளம்பிய படை இதை எங்கே வாங்கும்? வழியிலுள்ள குடியானவன் போரில்தான். அறுத்து அடித்து வைத்த வைக்கோல், களத்து நெல், பானையில் இருந்த கொள்ளு எல்லாம் போயிற்று. கம்பெனிப் படை வந்தாலும் அதேதான். நவாப் படை என்றாலும் அதேதான். வேகமான குதிரை என்று சரித்திரப் புத்தகம் மெச்சுகிற இடத்தில், உழுதவன் கணக்கில் ஒரு வருஷத் தீவனம் பற்று எழுதியிருக்கிறது.

வாக்குத் தவறியதன் பலனைப் பிறகு சொல்கிறேன் என்றேனே, அது 1780-ல் வந்தது. ஐதர் ஜூலையில் பெரும்படையோடு கணவாய் இறங்கினார். ஆர்க்காட்டுச் சீமை முழுக்க நாசம். அதையொட்டிப் பஞ்சம். பட்டணத்துக்கு ஓடிவந்த கிராமத்து ஜனங்களுக்குக் கஞ்சி ஊற்ற 1782-ல் ஏற்பட்டதுதான் மணியக்காரர் சத்திரம்.

ஆங்கிலேயர் இதிலிருந்து கற்றுக்கொண்டார்கள். குதிரைப்படையைப் பெருக்கினார்கள். ஓசூரை அடுத்த மத்திகிரியில் இன்று மாட்டுப் பண்ணையாக இருக்கிற இடம், 1824-ல் படைக் குதிரைக்காகத் தொடங்கியதுதான். ஆஸ்திரேலியாவிலிருந்தும் குதிரை இறக்கினார்கள். சென்னையில் அப்போது துறைமுகம் கிடையாது. 1834 வாக்கில் வரைந்த ஒரு படத்தில், அலைக்கு நடுவே மசூலாப் படகும் கட்டுமரமும் சூழக் குதிரைகள் கரையேறுவதைப் பார்க்கலாம். அண்ணா சாலையில் தீவுத்திடல் ஓரமாக கவர்னர் மன்றோ சேணமும் அங்கவடியும் இல்லாமல் குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறாரே, அந்தச் சிலை வைத்தது 1839-ல். பாரமகாலிலும் ராயலசீமையிலும் ஊர் ஊராகக் குதிரையில் போய் ரயத்துவாரித் தீர்வை போட்ட ஆள். நம் பட்டா சிட்டாவெல்லாம் அந்தச் சவாரியிலிருந்து வந்தது என்றுகூடச் சொல்லலாம். சேணம் ஏன் இல்லை என்று பட்டணத்தில் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். சிற்பி சாண்ட்ரி அப்படித்தான் செய்தார்.

அந்தப் பீமதடிக் குதிரை என்ன ஆயிற்று? பெரிய குதிரைகள் வந்ததும் அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்புதான் தேசிய கால்நடை மரபுவளப் பணியகம் அதைத் தனி இனமாகப் பதிவு செய்தது. மகாராஷ்டிரத்தில் தங்கர் எனப்படும் கீதாரிகள்தான் அதை விடாமல் வைத்திருந்தவர்கள். நம்ம ராமநாதபுரத்துக் கீதாரிகள் போலவே மேய்ச்சல் தேடி ஊர் ஊராகப் போகிறவர்கள். மந்தைக்குப் பின்னால், பாத்திரம் பண்டத்தையும் நடக்கமுடியாத ஆட்டுக்குட்டிகளையும் சுமந்துகொண்டு அந்தக் குதிரை இன்றைக்கும் நடந்துகொண்டிருக்கிறது.